உதகைத் தங்குமிடத்துக்கு எத்தனை படுக்கைகள் தேவை? சிமுலேஷன் (கணினியில் ஒத்திகை) செய்து பார்த்தவர்கள் வழிகாட்டுங்கள்

உதகைத் தன்னார்வலர்:
வணக்கம். வீட்டை விட்டு வந்து, பேருந்து நிலையத்திலும் மார்க்கெட்டிலும் இரவில் ஒதுங்கும் 18 முதல் 24 வயதுப் பிள்ளைகளுக்காக 10 படுக்கைகளுடன் ஒரு தங்குமிடம் நடத்துகிறோம். பதிவேட்டின்படி சராசரியாக 8 படுக்கைகள்தாம் நிரம்புகின்றன. ஒருவர் ஏறத்தாழ 20 நாள் தங்குகிறார். ஆனாலும் இடமில்லை என்று சொல்ல நேரும் இரவுகள் பல. "இரண்டு படுக்கை காலியாகத்தானே கிடக்கிறது?" என்று நிதி தருபவர்கள் கேட்டால் எந்தக் கணக்கைக் காட்டுவது?

குன்னூர் வாசகர்:
நீங்கள் திருப்பி அனுப்புபவர்களையும் சேர்த்து இரண்டு நாளுக்கு ஒருவர் வீதம் வந்து, எல்லோரும் 20 நாள் தங்கினால், ஒரே சமயத்தில் சராசரியாக 10 பேருக்கு இடம் வேண்டும். ஆனால் பிள்ளைகள் முறை வைத்து வருவதில்லை. ஓர் இரவில் மூவர் வருவார்கள், பிறகு ஒரு வாரம் எவரும் வரமாட்டார்கள். தொலைபேசி இணைப்புகளுக்காக டென்மார்க் கணிதவியலர் ஏர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் பொருத்தினால், 10 படுக்கைகளில் சராசரியாக 8 மட்டுமே நிரம்பியிருக்கும் நிலையிலும் வருபவர்களில் 21 சதவீதத்தினருக்கு இடம் கிடைக்காது. உங்கள் அனுபவமும் அதுவே. 15 படுக்கைகள் இருந்தால் அது 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்.

வருகையின் சராசரி வீதம் ஆண்டு முழுவதும் மாறாது என்பது அந்தச் சூத்திரத்தின் அனுமானம். மே மாத சீசனும் ஜனவரி உறைபனியும் உள்ள ஊருக்கு அது போதாது என்பதால்தான் சிமுலேஷன் தேவைப்படுகிறது. பைத்தான் கணினி மொழியில் சிம்பை என்ற சிமுலேஷன் நிரல் தொகுப்பைக் கொண்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் தனி வருகை வீதம் கொடுத்து, ஆயிரம் முறை ஓட்டி, இடமில்லாத இரவுகளை எண்ணுங்கள்.

கோத்தகிரி அம்மா:
நான் முன்பு ஒரு தங்குமிடத்தில் இரவுப் பணி பார்த்தேன். ஜனவரியில் ஒரு நாள், காய்கறி இறக்கிவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பிய லாரியில் ஏறி வந்த பையன், கேரட் சாக்கைத் தோளில் போர்த்தியபடி வாசலில் நின்றான். இடமில்லை என்று அனுப்பிவிட்டேன். சேர்த்தவர்களை மட்டுமே எழுதும் வழக்கம் என்பதால், பதிவேட்டில் அவனுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பதிவேட்டை நம்பிச் செய்யும் எந்தக் கணக்கிலும் அவன் வரமாட்டான். தயவுசெய்து வாசலில் தனி நோட்டு ஒன்று வையுங்கள். 18 வயது நிரம்பாதவர்களை அதில் தனியாகக் குறியுங்கள். அவர்களை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பதால் அவர்கள் கணக்கு வேறு.

உதகைத் தன்னார்வலர்:
நன்றி அம்மா, நோட்டு இன்றிரவே தொடங்கிவிடும். இப்போது ஒரே கூடத்தில் பலகைத் தடுப்பை நகர்த்திச் சமாளிக்கிறோம். புதிய கட்டடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை. கணக்கு மாறுமா?

குன்னூர் வாசகர்:
மாறும். வருபவர்களில் சரிபாதி பெண்கள் என்று கொண்டால், அறைக்கு 5 படுக்கை வீதம் பிரித்தவுடன் இடம் கிடைக்காதவர்கள் 28 சதவீதமாக உயர்வார்கள், ஏனெனில் ஓர் அறையில் காலியாகும் படுக்கை மற்ற அறைக்கு உதவாது. ஒரே கூடத்தில் 15 படுக்கைகளால் கிட்டும் நிலையை எட்ட, அறைக்கு 9 வீதம் 18 படுக்கைகள் வேண்டும். நிதி தருபவர்களிடம் இந்த எண்ணையே கேளுங்கள்.