மறு: சுர் லி – கசடா, வண்டலா, மண்டியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மஸ்கடே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் பற்றிய கட்டுரைக்காக, 'சுர் லி' (ஈஸ்ட் படிவின் மேல்) என்ற பிரெஞ்சுத் தொடருக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்; இதுவரை வந்தவை கசடு, வண்டல், மண்டி. என் வாக்கு மண்டிக்கு. தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் காரணம் விளங்கிவிடும்.

நொதித்தல் முடிந்ததும் ஈஸ்ட் செத்து, அடியில் கூழ் போன்ற மெல்லிய படிவாகத் தங்கிவிடும். ஒயினை வடித்து வேறு தொட்டிக்கு மாற்றுவதுதான் பல இடங்களில் வழக்கம். பிரான்சில் லுவார் ஆறு கடலைச் சேரும் பக்கம், நாந்த் நகருக்குத் தென்கிழக்கே, செவ்ர், மேன் ஆற்றங்கரைகளில் சுர் லி ஒயினை அப்படி மாற்றுவதில்லை. பெரும்பாலும் தரைக்கடியில் கட்டிய கான்கிரீட் தொட்டிகளில், குளிர்காலம் முழுக்க அந்தப் படிவின் மேலேயே கிடக்க விடுகிறார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 1க்கு முன் புட்டியில் அடைக்கக் கூடாது. அடைக்கும்போதும் படிவின் மேலிருந்து நேரே எடுக்க வேண்டும். அந்தச் சில மாதங்களில் செத்த செல்கள் சிதைந்து, உள்ளிருக்கும் சத்து ஒயினில் இறங்குகிறது. வாயில் ஒரு வழவழப்பு வருகிறது. மாற்றி ஊற்றாததால் கரியமில வாயு கொஞ்சம் தங்கி, நாக்கு நுனியில் லேசாகச் சுருக்கென்கிறது.

மஸ்கடே செய்யப்படும் மெலோன் என்ற திராட்சைக்குப் பெரிய மணம் கிடையாது. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் கொடிகள் பட்டுப்போனபின், குளிரைத் தாங்கும் என்பதற்காகவே அங்கே பரவிய வகை அது. படிவுதான் அந்த ஒயினுக்கு உடம்பு தருகிறது. அப்படிப்பட்டதைக் கசடு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'கசடற' என்று சொல்லிப் பழகிய காதுக்குக் கசடு குற்றமாகத்தான் கேட்கும். பிழிந்த சாற்றில் முதலில் இறங்கும் தோல், சதைத் துணுக்குகளை நீக்கிவிடுகிறார்களே, அதற்குக் கசடு பொருத்தம். இரண்டுக்கும் இரண்டு சொல் கிடைத்துவிடுகிறது.

வண்டலில் வேறு சிக்கல். ஒயின் கட்டுரை என்றால் மண்ணைப் பற்றிப் பேசாமல் முடியாது. இந்த வட்டாரத்தில் கிரானைட்டும் நைஸும் காப்ரோவுமாகப் பாறை நிலம். ஆற்றோரத் தோட்டத்து ஒயினை 'வண்டல்மேல் முதிர்ந்தது' என்றால் வண்டல் மண்ணில் விளைந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

மண்டி என்றால் மொத்தச் சந்தை ஆயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எண்ணெய் மண்டி என்னும்போது அடியில் தங்கியதையும் சொல்கிறோம், கடையையும் சொல்கிறோம்; இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இங்கேயும் அப்படித்தான். ஆனால் 'மண்டியிட்ட ஒயின்' வேண்டாம், அது முழங்காலில் நிற்கும். 'மண்டிமேல் முதிர்வு' என்பது என் பரிந்துரை. பெயரடையாக 'மண்டிமேல் முதிர்ந்த'.

உணவுப் பகுதியில் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே உட்காருகிறது: "பச்சைச் சிப்பியின் உப்புக்கு இந்த ஒயினின் புளிப்பு எலுமிச்சை பிழிந்தது போல, மண்டிமேல் முதிர்ந்ததால் அந்தப் புளிப்பு உறுத்துவதில்லை." சிப்பியும் மட்டியும் எல்லோரும் சொல்வது. நாந்த் பக்கத்துப் பேர் பிளாங்கையும் கட்டாயம் சேருங்கள். சிறு வெங்காயத்தை வினிகரில் சுண்டவைத்து, வெண்ணெயைத் துண்டு துண்டாக அடித்துச் சேர்த்து ஆற்று மீனுக்கு ஊற்றும் சாறு அது. வெண்ணெயின் கனத்தைப் புளிப்பு அறுக்க, வழவழப்பு சாற்றோடு ஒத்துப்போகும். கிளிசோன், கோர்ஜ் ஊர்ப் பெயரில் வரும் மஸ்கடே ஒயின்கள் மண்டியில் இன்னும் நெடுநாள் கிடப்பவை. அவற்றுக்குக் கனமான மீன் உணவே சரி.

அப்புறம், தொட்டிக்குள் கோல் விட்டு மண்டியை எழுப்பிவிடும் வேலைக்கும் சொல் வேண்டும். 'மண்டி கலக்கல்' என்றால் கலப்படம் நினைவுக்கு வருகிறது. 'மண்டி கிளறல்' போதும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள், கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.