மீட்டரைப் பார்த்தா டிராக்டர் வாங்குவது?

பழைய பிஸ்டன்:
"இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் 2,000-க்குள் காட்டினால், பழைய 45 ஹெச்பி டிராக்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டால் மீட்டர் எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. கேபிளில் ஓடும் மீட்டர் கடிகாரம் இல்லை ஐயா, அது இன்ஜின் சுற்றை எண்ணுகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று அமைத்த மீட்டர் என்றால், 750 சுற்றில் இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு மணிதான் ஏறும். கேபிள் அறுந்தால் அதுவும் ஏறாது. அறுந்த கேபிளோடு மூன்று போகம் உழுத வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

கலப்பைக்காரன்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 1,840 காட்டும்போது வாங்கினேன், இன்றுவரை இன்ஜினில் ஸ்பேனர் வைக்கவில்லை. மீட்டர் அவ்வளவு பொய் என்றால் 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்று என்று கையேட்டில் எதற்குப் போடுகிறார்கள்? உங்களிடம் கேட்டுவிட்டுப் போடவில்லை போலிருக்கிறது.

பழைய பிஸ்டன்:
கையேடு எழுதியவர் வண்டி விற்கிறவரின் மச்சானைப் பார்த்ததில்லை. மீட்டரைக் கழற்றி வேறு மாட்ட அரை மணி நேரம் ஆகுமா? சரி, அந்த 1,840 மணி வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் எப்படி இருந்தது?

வரப்பு:
ஒரு சந்தேகம். கேபிள் மீட்டரா, எலக்ட்ரிக் மீட்டரா? எலக்ட்ரிக் என்றால் அது நேரத்தைத்தானே எண்ணும். இருவரும் வேறு வேறு மணியைப் பேசுகிறீர்களோ?

கலப்பைக்காரன்:
ரப்பர் புதிது.

பழைய பிஸ்டன்:
புதிது! 1,840 மணி ஓடிய வண்டிக்குப் புது ரப்பர் எதற்கு? பழையது தேய்ந்து இரும்பு பளபளத்திருக்கும், மாட்டிவிட்டார்கள். மீட்டர் வாய் பேசாது, ரப்பர் பேசும்.

பட்டறை:
ரப்பரை விடுங்கள், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்கை யாராவது பார்த்தீர்களா? கல்டிவேட்டரை மாட்டித் தூக்கி நிறுத்துங்கள். இன்ஜின் ஓடும்போதே தூக்கும் ஆர்ம் இறங்கி ஏறி, இறங்கி ஏறித் துள்ளினால் உள்ளே ஆயில் கசிகிறது என்று அர்த்தம். அதை எந்த மீட்டரும் காட்டாது.

கலப்பைக்காரன்:
ஹைட்ராலிக் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் சொன்னது மீட்டரை.

பழைய பிஸ்டன்:
கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வாங்கப் போகிற பிள்ளைகளுக்காவது உதவும். விடிகாலையில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போய் நில்லுங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்ஜின் பிளாக்கில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில் தகராறு இருக்கிறது. ஆயில் அளக்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடக்கக் கூடாது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் பற்களை விரலால் தடவுங்கள், கத்தி மாதிரி கூராகியிருந்தால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் நிறைய ஓட்டியிருக்கிறார்கள். சேற்றுழவு வண்டி என்றால் பின் ஆக்சில் சீலையும் பிரேக்கையும் தனியாகப் பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். இவ்வளவில் எங்கே வருகிறது மீட்டர்?

கலப்பைக்காரன்:
பெரிய கதாகாலட்சேபம். இவ்வளவும் பார்க்க மெக்கானிக் வேண்டும். சாதாரண ஆளுக்கு மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும்.

பட்டறை:
அப்படியானால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருநாள் கூலியை மிச்சப்படுத்தி இன்ஜின் வேலைக்குக் கொட்டுவது என்ன கணக்கு?

கலப்பைக்காரன்:
மெக்கானிக் சொன்னால் வேதமா? சக்கரம் வழுக்காமல் இருக்க, எடைக்காக டயரில் தண்ணீர் நிரப்பலாமா என்று கேட்டதற்கு, நிரப்பாதே, ரிம் துருப்பிடிக்கும் என்று போன மழைக்காலத்தில் சொன்னதும் ஒரு மெக்கானிக்தான். இதே பட்டறை. அந்த சீசன் முழுக்க ஈரக்காட்டில் சக்கரம் வழுக்கியே ஓட்டினேன்.

பட்டறை:
நான் சொன்னது டியூப்லெஸ் டயருக்கு. உங்களுடையது டியூப் டயர் என்று நீங்கள் சொல்லவே இல்லை. தண்ணீர் டியூபுக்குள் இருந்தால் ரிம்மில் எப்படிப் படும்?

கலப்பைக்காரன்:
அதை அப்போதே கேட்டிருக்கலாமே.

பட்டறை:
நீங்கள் கேள்வியில் எழுதியிருக்கலாமே.

பழைய பிஸ்டன்:
டியூப் டயரோ என்னவோ, முக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் நிரப்பக் கூடாது, மேலே காற்று இருக்க வேண்டும். இதுவும் தெரியாமல்தான் சண்டை போடுகிறீர்கள். பேச்சை மாற்றாதே கலப்பை. ரப்பர் யார் மாற்றியது?

கலப்பைக்காரன்:
எனக்கு எப்படித் தெரியும்? முன்னால் இருந்தவர் சுத்தமானவராக இருக்கலாம்.

பழைய பிஸ்டன்:
சுத்தமானவர் பெடலுக்குப் புது ரப்பர் போட்டு, ஆயில் கசிந்த இடத்தில் கிரீஸின் மேலேயே பெயின்டும் அடித்திருப்பார். நகத்தால் சுரண்டிப் பார், உரிந்து வரும்.

கலப்பைக்காரன்:
சுரண்ட மாட்டேன். என் வண்டி, என் பெயின்ட். தம்பிக்கு ஒன்று பார்க்க நாளைக்குக் கிளம்புகிறேன், 1,200 காட்டுகிறதாம். பிடித்தால் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடுவேன்.

வரப்பு:
கேபிளா, எலக்ட்ரிக்கா? நான் கேட்டதை யாரும் படிக்கவில்லையா?

பழைய பிஸ்டன்:
1,200-ஆ! போனதும் முதலில் பெடலைப் பார். ரப்பர் புதிதாக இருந்தால் வண்டியில் ஏறாமலேயே திரும்பி வா.

கலப்பைக்காரன்:
முதலில் மீட்டரைத்தான் பார்ப்பேன்.