ராத்திரி கடலில் ஜோடியாகப் போன இரண்டு வெள்ளி: உளவுச் சாட்லைட்டா?

முட்டம் தங்குகடல்:
நான் முட்டத்திலிருந்து தங்குகடல் போகிற விசைப்படகில் வேலை செய்கிறேன். போன வாரம் ராத்திரி எட்டே கால் இருக்கும். வலை விட்டுவிட்டு டெக் லைட்டை அணைத்திருந்தோம். தெற்கே, கொஞ்சம் மேற்கு ஒட்டி, இரண்டு மங்கலான புள்ளி கிளம்பி வந்தது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். கையை நீட்டிப் பிடித்தால் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கடைசிவரை அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிவப்பு லைட் கிடையாது, சத்தம் கிடையாது. உச்சியைத் தாண்டி வடக்கே சரியும்போது முன்னால் போனது அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்ததும் அணைந்தது. எங்கள் டிரைவர் அண்ணன், “அமெரிக்காக்காரன் சாட்லைட்டுடே. டீகோ கார்சியா தீவுப் பக்கம் போறவனை இதை வச்சுத்தான் பிடிக்கான்” என்கிறார். நிஜமா? நம்ம படகும் அதில் தெரியுமா?

வடசேரி சுற்றுலா:
இன்டர்நெட்டுக்கு விடுகிற ஸ்டார்லிங்க் சாட்லைட்தான். இப்போது வானத்தில் எது நகர்ந்தாலும் அதுதான்.

கோட்டாறு வாத்தியார்:
ஸ்டார்லிங்க் இல்லை. ஏவிய புதிதில் அது வரிசையாகப் பத்திருபது புள்ளியாக வரும். இடைவெளி மாறாத ஜோடி என்றால் டிரைவர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. பைனாகுலரோடு மொட்டைமாடியில் நான் இவற்றைத்தான் தேடிக்கொண்டிருப்பேன். வீட்டில் திட்டு வாங்குவது தனிக் கதை.

அமெரிக்கக் கடற்படைக்காகக் கப்பல்களைத் தேடும் செயற்கைக்கோள்கள் இவை. முதல் தொகுதி 1976 ஏப்ரலில் ஏறியது. அப்போது மூன்று மூன்றாக முக்கோணத்தில் பறந்தன. ரகசியப் பெயர் பார்கே. அப்படி ஒன்று இருந்தது என்று அவர்களே வாய் திறந்தது 2023-ல்தான். 2001 செப்டம்பரிலிருந்து இரண்டிரண்டாக ஏவ ஆரம்பித்தார்கள்.

நீங்கள் சொன்ன திசைதான் எனக்குப் பெரிய துப்பு. இவற்றின் பாதை பூமத்திய ரேகைக்கு 63.4 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வில் வடக்கே ஏறுகிற கோள் நம் ஊரைத் தாண்டும்போது நேர் வடக்கே போகாது, ஏறக்குறைய 23 டிகிரி கிழக்கே ஒதுங்கும். படம் எடுக்கிற உளவுக்கோள் என்றால் கிட்டத்தட்ட நேர் தெற்கு வடக்காக, தனியாகப் போயிருக்கும். உயரம் சுமார் 1,100 கிலோமீட்டர். அதனால் நமக்குச் சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் வரைகூட உச்சியில் அதன் மேல் வெயில் அடிக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அணைந்துவிடும். முன்னால் போனது முதலில் அணைந்ததற்குக் காரணம் அதுதான்.

இவை படம் எடுப்பதில்லை, காது கொடுத்துக் கேட்கின்றன. கப்பலின் ரேடார் ஒரு துடிப்பு விட்டால் அது ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் போகும். ஒரு கோளை முன்னும் மற்றதைப் பின்னும் எட்டும். அந்த வித்தியாசத்தை வைத்து, கப்பல் எந்தக் கோட்டின் மேல் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். கோள்கள் நகர நகரக் கோடும் மாறும். கோடுகள் வெட்டுகிற இடத்தில் கப்பல். நீங்கள் கரையிலிருக்கும் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர் வைத்துக் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை, அதாவது பாரை, கண்டுபிடிப்பீர்களே, அந்தக் கணக்கை மேலிருந்து போடுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு புள்ளி தெரிந்ததா? சீனா 2010-ல் யாவோகான்-9 என்று இதே சாய்வில், இதே மாதிரி உயரத்தில் மூன்றை ஏவியது. பயிர் மகசூல் கணிக்க, பேரிடர் உதவிக்கு என்று அறிவிப்பு. பயிரைப் பார்க்க மூன்று பேர் முக்கோணமாக எதற்கய்யா போகணும்! நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2019 ஏப்ரல் 1-ல் நம் எமிசாட் கோள் ஏறியபோது ‘மின்காந்த அலைக்கற்றையை அளக்க’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

முட்டம் தங்குகடல்:
மூன்றாவது இல்லை சார். எல்லாரும் பார்த்தோம், இரண்டுதான். படகு விஷயம் சொல்லவில்லையே.

கோட்டாறு வாத்தியார்:
ரேடார், வயர்லெஸ் எதையும் போடாத படகு அதற்கு ஊமை. டீகோ கார்சியா கன்னியாகுமரியிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். அங்கே அமெரிக்கத் தளம் இருப்பது உண்மை. ஆனால் பிரிட்டன் 2010-ல் அந்தத் தீவுகளைச் சுற்றி மீன்பிடிப்பைத் தடை செய்து, ரோந்துக் கப்பல் ஓட்டுகிறது. மரப்படகைப் பிடிக்க அது போதும்.

பொழிக்கரை:
2017-ல் ஒக்கி புயல் அடித்தபோதும் இதெல்லாம் மேலேதானே போயிருக்கும்? கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் ஒருத்தன் கண்ணிலும் படவில்லையா?

கோட்டாறு வாத்தியார்:
உங்கள் கோபம் புரிகிறது தம்பி. கவிழ்ந்த வள்ளத்தில் வயர்லெஸ்ஸும் செத்துப்போயிருக்கும். கேட்க ஒன்றுமே இல்லை. அப்படியே ஏதாவது கேட்டாலும் அது அவர்கள் கடற்படைக்குத்தான் போகும், நம் கரைக்கு வராது. நமக்கு உதவுவது வேறு வகை. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், அதாவது ஆபத்தில் சிக்னல் விடுகிற கருவி, கூப்பிட்டால் காஸ்பாஸ்-சார்சாட் என்கிற பன்னாட்டு மீட்புத் திட்டத்தின் கோள்கள் அதைப் பிடித்து மீட்புப் படைக்குச் சொல்லும். 1982-ல் முதல் கோள் போனது, இந்தியாவும் அந்தத் திட்டத்தில் உறுப்பினர், பெங்களூரில் நிலையம் இருக்கிறது. தெரிந்தவர் படகு ஒன்றில் ஏறிப் பார்த்தேன். பீக்கன் வீல்ஹவுஸ் மூலையில், வலைச்சாக்குக்கு அடியில் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த பேட்டரி தேதி தாண்டியிருந்தது.

முட்டம் தங்குகடல்:
எங்கள் படகில் கூரையில் மாட்டியிருக்கு. தேதி பார்க்கச் சொல்கிறேன். அந்த ஜோடி மறுபடி எப்போது வரும் சார்?

கோட்டாறு வாத்தியார்:
ஒரு சுற்றுக்கு 107 நிமிடம். அதற்குள் பூமி கிழக்கே 27 டிகிரி திரும்பிவிடும். அதனால் அடுத்த சுற்று உங்களுக்கு ரொம்ப மேற்கே தள்ளிப் போயிருக்கும். ரகசியக் கோள்களின் பாதையை அமெரிக்கா பொதுப்பட்டியலில் போடுவதில்லை. பல நாட்டுப் பொழுதுபோக்குக்காரர்கள் ஸ்டாப்வாட்சும் பைனாகுலரும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 2019-ல் ட்ரம்ப் ஈரான் ராக்கெட் தளத்தின் படத்தை ட்விட்டரில் போட்டாரே, அதை எடுத்தது யுஎஸ்ஏ-224 என்கிற உளவுக்கோள் என்று நிழலையும் கோணத்தையும் வைத்துச் சொன்னது இந்த ஆட்கள்தான். அடுத்த தடவை பார்த்தால் போனில் விநாடி வரை நேரம் குறித்து, எந்த இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் போனது என்று எழுதுங்கள். படகு நின்ற ஜிபிஎஸ் இடமும் வேண்டும். மீன் கிடைத்த இடம் வெளியே தெரியக்கூடாது என்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.