பள்ளி மென்பொருளில் புகாரை மூடும் உரிமை யாருக்கு?

கோத்தகிரி கணக்காளர்:
கட்டணம், வருகைப் பதிவு, வேன் கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே மென்பொருளில் பார்க்கும் தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் நிர்வாகத்துக்குக் கூடலூரிலும் ஒரு பள்ளி உண்டு. தென்மேற்குப் பருவமழை வலுத்த ஒரு நாள், கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை என்ற மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு காலை ஆறரை மணிக்கு வந்தது. மென்பொருளிலோ இரண்டு பள்ளிக்கும் ஒரே விடுமுறைப் பட்டியல்தான். கூடலூருக்கு விடுமுறை போட்டால் தூறல்கூட இல்லாத கோத்தகிரிக்கும் சேர்ந்து விழும் என்பதால் போடாமல் விட்டேன். பத்து மணிக்குக் கூடலூர்ப் பெற்றோர் அனைவருக்கும் 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை' என்ற பொருளில் ஆங்கிலக் குறுஞ்செய்தி தானாகப் போய்விட்டது. மதியம் வரை தொலைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். மறுநாள், 'விடுமுறையை முந்தைய நாளே பதிவு செய்யவும்' என்ற ஒரு வரியுடன் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருந்தார்கள். மழை முந்தைய நாளே சொல்லிவிட்டு வருவதில்லை. புகார் தீர்ந்தது என்று சொல்லும் உரிமை, அதைக் கொடுத்தவருக்கல்லவா இருக்க வேண்டும்?

குன்னூர் நிரலாளர்:
நான் வேறொரு நிறுவனத்தின் பள்ளி மென்பொருளை எழுதுபவன். ஆகவே அவர்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. இரண்டு பள்ளிக்கு ஒரே விடுமுறைப் பட்டியல் வைத்தது வடிவமைப்புப் பிழை, அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் மூடும் உரிமை முழுவதும் புகார் கொடுத்தவருக்கே என்பதை ஏற்க முடியாது, அம்மா. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரசீது அச்சாகவில்லை என்று அழைப்பார்கள். சரிசெய்து கொடுத்தால், அப்படியே பள்ளிச் சின்னத்தையும் பெரிதாக்கிக் கொடுங்கள், அதுவரை மூடாதீர்கள் என்பார்கள். இப்படி அறுபது புகார்கள் திறந்தே கிடக்கும்போது, இணைப்பு அறுந்து ஒரே கட்டணம் இரண்டு முறை பிடிக்கப்பட்ட உண்மையான புகார் அடியில் போய்விடும்.

வலி எங்கே என்று நீங்கள் சொல்லலாம், மருந்தையும் நீங்களே எழுதினால் சிக்கல். குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புங்கள் என்று பல பள்ளிகள் கேட்கின்றன. நியாயமான கோரிக்கைதான். ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு செய்தியின் வார்ப்பையும், அதாவது மாதிரி வாசகத்தையும், தொலைத்தொடர்பு நிறுவனத்தில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அதுபோக, ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் என்றால் தமிழில் 70 இடம்தான். புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனி இடமாகக் கணக்காகும். நீங்கள் மேலே எழுதிய வாக்கியம் மட்டுமே 38 இடம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளிப் பெயர் சேர்ந்தால் இரண்டு செய்தியாகிவிடும். கேட்டபடி செய்து கொடுத்த மறுமாதம், செய்திக் கட்டணம் ஏறிவிட்டது என்று அதே பள்ளியிலிருந்து புகார் வரும்.

கொடைக்கானல் விடுதிப் பள்ளி நிர்வாகி:
பாதிக் குறை அலுவலகங்களிலேயே இருக்கிறது. நான் பார்த்த பல பள்ளிகளில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். மென்பொருள் ஏற்காத வரவெல்லாம் அதில் ஏறும், ஆனால் அப்படியொரு நோட்டு இருப்பதை நிறுவனத்திடம் யாரும் சொல்வதில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்கக்கூடாது என்றிருக்க, முறையான ரசீது இல்லாமல் வாங்கிய பணத்துக்கு நாளை யார் கணக்குக் காட்டுவது? இன்னொன்று, புகாரோடு மாணவர் பட்டியலையே படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு குறித்த 2023ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

கோத்தகிரி கணக்காளர்:
ஐயா, அந்த நோட்டு என் மேசையிலும் இருக்கிறது; நீல அட்டை போட்டது. படம் அனுப்பியது என் தவறு, இனிப் பெயர்களை மறைத்தே அனுப்புவேன். ஆனால் நோட்டைச் சொல்லவில்லை என்பது சரியில்லை. எங்கள் பெற்றோரில் பெரும்பாலோர் சிறு தேயிலை விவசாயிகள். கொடுத்த பச்சைத் தேயிலைக்கு ஆலையில் பணம் வந்தால்தான் பள்ளிக்குப் பணம் வரும், அதுவும் இரண்டாயிரம், மூவாயிரம் என்று துண்டு துண்டாக. மென்பொருளோ ஒரு பருவத்துக்கான முழுத் தொகையைத் தவிர வேறெதையும் ஏற்காது. இதை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் 'தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி' என்று மூடினார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது என்பதையும் எழுதினேன். இனிஷியல் மட்டுமே உள்ள பிள்ளைகளுக்கு அதில் ஒரு புள்ளியை வைத்தோம், அந்தப் புள்ளி மாற்றுச் சான்றிதழில் அச்சாகி நிற்கிறது.

கூடலூர்ப் பெற்றோர்:
அந்தக் காலைச் செய்தி வந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அறிவிப்பு வருமுன்பே மகள் கிளம்பிவிட்டாள். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி யானை நடமாடும் வழி, மண் சரியும் வழி. பிள்ளை வரவில்லை என்று பார்த்ததும் நான் ஓடினேன். அவள் பாதி வழியில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். இப்போது அந்தச் செய்தி வந்தால் எங்கள் ஊரில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, இதுதான் எனக்குப் பெரிய பயம். எங்களிடம் எந்த நிறுவனமும் கருத்துக் கேட்டதில்லை.

குன்னூர் நிரலாளர்:
இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நாங்கள் பணம் கொடுப்பவரைத்தான் வாடிக்கையாளர் என்று எண்ணிப் பழகிவிட்டோம். மூடும் உரிமையைப் பொறுத்தவரை என் நிலையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன்: நிறுவனம் மூடலாம், ஆனால் சரிசெய்யப்பட்டது, விளக்கப்பட்டது, மறுக்கப்பட்டது என்ற மூன்றில் ஒன்றைக் காரணத்துடன் சொல்லித்தான் மூட வேண்டும், ஒரு வாரத்துக்குள் புகார் கொடுத்தவர் அதைத் திறக்கலாம். நன்றி சொல்லி மூடுவது உண்மையில் மறுப்பு. அதை மறுப்பு என்றே எழுதட்டும்.

துண்டுப் பணத்தை ஏற்பது நிரலில் பெரிய வேலையில்லை. வந்த இரண்டாயிரத்தை எந்தத் தலைப்பில் முதலில் கழிப்பது என்பதில்தான் ஒவ்வொரு பள்ளியும் வேறு பேசுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் எழுதினால், அடுத்த அப்டேட்டில் அத்தனையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். உங்கள் நோட்டில் எப்படிக் கழிக்கிறீர்கள், அம்மா?

கோத்தகிரி கணக்காளர்:
வேன் கட்டணம் முதலில். வேன்காரருக்கு ஐந்தாம் தேதி கொடுத்தாக வேண்டும், டீசலுக்கு அவர் காத்திருக்க மாட்டார். பிறகு பழைய பாக்கி, அதன் பிறகே நடப்புப் பருவம். ரசீதில் ஒவ்வொன்றும் தனி வரி. நோட்டின் ஒரு பக்கத்தைப் பெயர்களை மறைத்து நாளை இங்கேயே எழுதுகிறேன். 'மறுக்கப்பட்டது' என்ற சொல்லை ஒரு நிறுவனமாவது எழுதட்டும், அப்போது நம்புகிறேன்.

கொடைக்கானல் விடுதிப் பள்ளி நிர்வாகி:
எங்களிடம் விடுதிச் சாப்பாட்டுக் கணக்குத்தான் முதலில், வேன் கடைசி.