நுரையீரல் மீன் குஞ்சுக்கு வெளியே செவுள் உண்டா, இல்லையா?

பாசிக்குளம்:
நுரையீரல் மீனின் குஞ்சு அச்சு அசல் தலைப்பிரட்டை மாதிரி, கழுத்தோரம் இறகு இறகாகச் செவுள் தொங்க இருக்கும் என்று ஒரு இடத்தில் படித்தேன். நேற்று ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் பொரிக்கிற வீடியோ பார்த்தால் அப்படி எதையும் காணோம், மொழுக்கென்று இருக்கிறது, பொரித்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடக்கிறது. எது சரி? அப்புறம், நுரையீரல்தான் இருக்கிறதே, செவுள் எதற்கு?

சேற்றுவயல்:
இரண்டும் சரிதான். இன்று உயிரோடு இருப்பது 6 இனம். ஆப்பிரிக்காவில் 4, தென் அமெரிக்காவில் 1, ஆஸ்திரேலியாவில் 1. நீங்கள் படித்தது முதல் இரண்டு கண்டத்து மீன்களைப் பற்றி. அவை சேற்றில் வளை தோண்டி முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும். அந்த வளைத் தண்ணீர் அசையாது, ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. பொரித்த குஞ்சுக்கு நுரையீரல் இன்னும் வேலைக்கு வந்திருக்காது, அதுவரை வெளியே தொங்குகிற செவுள்தான் கதி. தாடைக்கு அடியில் பசை சுரக்கிற ஓர் உறுப்பும் உண்டு, அதால் ஒட்டிக்கொண்டு தொங்கும்.

தென் அமெரிக்க இனத்தில் இன்னொரு கூத்து. இனப்பெருக்க காலத்தில் மட்டும் ஆண் மீனின் வயிற்றுக்கு அடியில் பின்பக்கமாக இருக்கிற ஜோடித் துடுப்பில் சிவப்பாக, ரத்த நாளம் நிறைந்த நூல் நூலாக முளைக்கும். மேலே போய்க் காற்றைக் குடித்துவிட்டு வந்து, இந்த நூல்கள் வழியே குஞ்சுகளுக்கு ஆக்சிஜன் விடுகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் பழைய விளக்கம்.

ஆஸ்திரேலிய மீனுக்குக் கூடும் இல்லை, காவலும் இல்லை. குயின்ஸ்லாந்தில் பர்னெட், மேரி ஆறுகளின் நீர்ச்செடிகளில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். தவளை முட்டை மாதிரி சுற்றிலும் வழவழப்பான உறை, பொரிக்க 3, 4 வாரம். குஞ்சின் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அசைந்துகொண்டே இருக்கும், மேலே இருக்கிற தண்ணீர் தேங்காமல் நகரும், தோலாலேயே மூச்சு விடும். கொஞ்ச நாள் சாப்பிடக்கூடச் செய்யாது, வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவே போதும். படுத்துக் கிடந்ததாகச் சொன்னீர்களே, அது இந்தக் கட்டம்தான்.

எலும்புக்கூடு_73:
சேற்றுவயல் சொன்னது சரி, ஆனால் வளைக்காகத்தான் செவுள் வெளியே வந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். சாலமாண்டர் குஞ்சுக்கும் உண்டு, பழங்கால நீர்நில வாழ்விகளின் இளம் புதைபடிவங்களிலும் அந்தத் தடயம் கிடைத்திருக்கிறது. ஆகவே இது பழைய சொத்து, ஆஸ்திரேலிய மீன்தான் தொலைத்துவிட்டது என்று வாதிட இடமிருக்கிறது. எதிர்ப்பக்கம் என்னவென்றால், ஆப்பிரிக்கப் பிச்சிர் மீனின் குஞ்சுக்கும் வெளிச்செவுள் இருக்கிறது, ஆனால் அது முளைப்பது கருவின் தொண்டைப் பக்கம் வரிசையாக இருக்கிற வளைவுகளில் வேறொன்றிலிருந்து, அதாவது தனியாகத் தோன்றியிருக்கலாம். நான் முதல் கட்சி.

இந்தக் குஞ்சுகளுக்காக அந்தக் காலத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஜெர்மன் விலங்கியலாளர் ரிச்சர்ட் செமோன் 1891இல் பர்னெட் ஆற்றுக்கே போய், அங்கிருந்த பழங்குடியினர் உதவியோடுதான் கருக்களைச் சேகரித்தார்.

செவுள் எதற்கு என்ற கேள்விக்கு: கரியமில வாயுவையும் அம்மோனியாவையும் தண்ணீரில் கழிக்கச் செவுள் வேண்டும். ஆக்சிஜன் விஷயத்தில்தான் வித்தியாசம். ஆஸ்திரேலிய மீன் பெரும்பாலும் செவுளாலேயே சமாளித்துவிடும், ஆப்பிரிக்க மீனை மேலே வர விடாமல் தடுத்தால் மூழ்கியே செத்துவிடும். குளம் வற்றி அது சளிக்கூட்டுக்குள் உறங்கும்போது அம்மோனியாவைக் கழிக்க வழியில்லை, அதனால் அதை யூரியாவாக மாற்றி உடம்பிலேயே தேக்கிக்கொள்ளும்.

பாசிக்குளம்:
நன்றி, இப்போதுதான் புரிகிறது. அப்படியானால் நம்ம விராலும் இதே கூட்டமா? அதுவும் சேற்றில் கிடக்கிறதே. இந்தியாவில் நுரையீரல் மீன் இருந்ததே இல்லையா?

எலும்புக்கூடு_73:
விராலுக்கு நுரையீரல் கிடையாது சார், செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்க ஓர் அறை, அவ்வளவுதான். உறவு என்று பார்த்தால் நுரையீரல் மீன் விராலைவிட நமக்குத்தான் நெருக்கம்.

இந்தியாவில் இருந்திருக்கிறது. தெலங்கானாவின் மாலேரிப் பாறைகளில் 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பல் தட்டுகள் கிடைத்தன, 1859லேயே புவியியலாளர் தாமஸ் ஓல்டாம் அவற்றை விவரித்துவிட்டார். பொரித்த குஞ்சுக்குத் தனித்தனியாகக் கூரான சின்னப் பற்கள்தான் இருக்கும், வளர வளர அவை அடியில் ஒன்றாகச் சேர்ந்து மேடும் பள்ளமுமாக ஒரே தட்டாகிவிடும். எலும்புக்கூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் மற்றதெல்லாம் மக்கிப்போய், பாறையில் மிஞ்சுவது பெரும்பாலும் இந்தத் தட்டு மட்டும்தான்.