புதுப்பிப்பு: குழந்தை நல உயர்நிலைத் தாதியர் தேர்வுக்கான தயாரிப்பு

குழந்தை நலப் பிரிவில் உயர்நிலைத் தாதியாகச் சான்றிதழ் பெறும் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று ஆறு வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பாடநூலைக் கரைத்துக் குடிப்பதைவிட, நோயாளியின் நிலையை வாய்விட்டு விளக்கிப் பழகுமாறு மூத்த அக்கா ஒருவர் எழுதியிருந்தார், அதையே பின்பற்றினேன்.

பலன் என் தவற்றின் வழியாகவே தெரிந்தது. 14 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 210 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று சரியாகக் கணக்கிட்ட நான், 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள மருந்துக்கு 4.2 மில்லிலிட்டர் என்று சொல்வதற்குப் பதிலாக, 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் மட்டுமே உள்ள மருந்தை மனத்தில் வைத்துக்கொண்டு 8.75 மில்லிலிட்டர் என்றேன். இரு மடங்குக்கும் மேல்! பயிற்சியில் நடந்ததால் பிழைத்தேன். இப்போதெல்லாம் புட்டியின் மேலுள்ள செறிவை உரக்கப் படிக்காமல் கணக்கைத் தொடங்குவதில்லை.

பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கினேன். இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதைந்து காமாலைக்கு வழிவகுக்கும் பரம்பரை நொதிக் குறைபாடான ஜி6பிடி குறைபாட்டுக்குச் சிங்கப்பூரில் 1965 முதல் பச்சிளங்குழந்தைகளிடம் பரிசோதனை நடைபெற்று வருகிறது என்றாலும், அலமாரியில் கிடக்கும் அந்துருண்டை அத்தகைய குழந்தைக்கு ஆபத்தானது என்பதைப் பாட்டிமாருக்கு மனம் கோணாமல் எடுத்துச் சொல்வது தனிக் கலை. அதைத் தமிழிலேயே ஒத்திகை பார்த்தேன்.

தடுப்பூசி அட்டவணை அன்றாடப் பழக்கம் என்பதால் சிரமமில்லை. தேர்வு அடுத்த மாதம். வளர்ச்சிப் படிநிலைகள்தாம் இன்னும் குழப்புகின்றன. அவற்றை நினைவில் நிறுத்த எளிய வழி தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.