சேவலின் மூச்சில் விசில் சத்தம், குரலும் அடைத்துவிட்டது: உதவி தேவை

கேள்வி (நெல்லிக்குப்பம்)

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செவலைச் சேவலும் ஆறு பெட்டைகளும் வளர்கின்றன. சேவலுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நான்கு நாட்களுக்கு முன்பு விடியற்காலையில் அது கூவியபோது, இழுத்து முடிக்கும் கடைசிப் பகுதி வராமல் குரல் பாதியில் அறுந்துபோனது. மறுநாள் குரலே எழவில்லை. இப்போது கழுத்தை மேலே நீட்டி, அலகைத் திறந்துதான் மூச்சை உள்ளே இழுக்கிறது. இழுக்கும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது. இரவில் கோழிகள் அடைந்த பிறகு கூண்டருகே நின்றால் அது தெளிவாகவே தெரிகிறது. எச்சம் வழக்கம்போல இருக்கிறது, மூக்கில் சளி இல்லை. தீவனத்தைக் கொத்தினாலும் விழுங்க முடியாமல் தலையை உதறிவிடுகிறது. கொண்டையில் இரண்டு மூன்று கருத்த பொருக்குகள் உள்ளன; மழைக்காலக் கொசுக்கடி என்று நினைத்து விட்டுவிட்டேன். சின்ன வெங்காயச் சாற்றில் மஞ்சள் கலந்து வாயில் ஊற்றும்படி என் மாமியார் சொல்கிறார். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் தூள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் எதையும் கொடுக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (பாகூர்)

அம்மா, எதையும் வாயில் ஊற்றாமல் இருந்தது நல்லது. கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குச் சற்றுப் பின்னால், வாயின் தரையிலேயே ஒரு சிறு பிளவாகத் திறந்திருக்கும். மூச்சுக்குத் தவிக்கும் கோழிக்குச் சாறு ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குள் போய்விடும். நோயால் சாகாமல் மருந்து ஊற்றியதால் இறந்த கோழியை நான் என் கையில் வைத்திருந்திருக்கிறேன். அந்த வருத்தத்தால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சித்திரை வெயிலில் கோழி அலகைத் திறந்து இளைப்பது இயல்பு. அப்போது இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருக்கும், சத்தம் இருக்காது, நிழலும் தண்ணீரும் கிடைத்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். உங்கள் சேவல் மழைக்காலத்தில், அதுவும் இரவின் குளிர்ச்சியில், சத்தத்தோடு மூச்சை இழுக்கிறது என்பதால் வழியில் ஏதோ அடைப்பு இருக்கிறது என்றே தோன்றுகிறது. கைப்பேசி விளக்கை அடித்து, வாயைத் திறந்து பாருங்கள். பிடிக்கும்போது மார்பை இறுக்க வேண்டாம், மல்லாக்கப் படுக்க வைக்கவும் வேண்டாம். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது; மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவற்றால் மூச்சுவிட முடியும். ஒருவர் இறக்கைகளை மட்டும் மடக்கி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ள, இன்னொருவர் சில நொடிகளில் பார்த்து முடித்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். நீங்கள் சொன்ன பிளவின் வலது ஓரத்தில், நொய் அரிசி அளவில் மஞ்சள் நிறப் படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. மேலண்ணத்திலும் அதுபோல ஒன்று சிறியதாகத் தெரிகிறது. மூச்சை இழுக்கும்போது பிளவு முழுதாகத் திறக்கவில்லை. கொண்டையில் உள்ள பொருக்குகளைத் தொட்டுப் பார்த்தேன். மரு போலக் கெட்டியாக இருக்கின்றன. படலத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாமா?

மறுமொழி (வில்லியனூர், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

எடுக்க வேண்டாம். பிய்த்தால் அடியில் இரத்தம் கசியும். அந்த இரத்தமோ பிய்ந்த துண்டோ குழலுக்குள் இறங்கினால் சேவல் உங்கள் கையிலேயே போய்விடக்கூடும்.

கொண்டையில் மருப்போன்ற பொருக்கும் தொண்டையில் மஞ்சள் படலமும் சேர்ந்து இருப்பதால், இது கோழி அம்மையின் தொண்டை வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொசு பரப்பும் வைரஸ் நோய் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் கடற்கரைப் பகுதியில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் பச்சை கலந்த வெள்ளை எச்சமும், சோர்வும், கழுத்து முறுக்கலும் வந்திருக்கும், பெட்டைகளும் அடுத்தடுத்து விழுந்திருக்கும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் சளியில் கண்ணோரம் நுரையும் மூச்சில் கரகரப்பும் இருக்கும். கொரைசா என்ற சளி நோயில் முகம் வீங்கி மூக்கிலிருந்து நாற்றம் வீசும். ஒரே நாளில் பல கோழிகள் இறந்து கொண்டை நீலம் பாய்ந்தால் பறவைக் காய்ச்சலை நினைக்க வேண்டும். அப்போது எதையும் அறுக்காமல், தொடாமல், உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அம்மை வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. புண்ணில் வேறு கிருமி சேராமல் தடுக்க அது தேவையா, எந்த அளவில் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே அந்தத் தூளை அப்படியே வைத்திருங்கள். குழல் வாயிலேயே படலம் இருப்பதால் நாளை காலையே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். போக வழியில்லை என்றால் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். புதுவைப் பக்கம் உள்ளவர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காற்றுப் புகும் மூங்கில் கூடையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள், சாக்கில் கட்ட வேண்டாம்.

அதுவரை சேவலைத் தனியாகவும் ஈரமில்லாத இடத்திலும் வையுங்கள். நொய்யைக் குழைய வேகவைத்து, அதில் முருங்கைக்கீரையை அரைத்துச் சேர்த்துக் கெட்டியாக வையுங்கள், அதுவாகவே கொத்தித் தின்னட்டும். கொசுவை விரட்டக் கூண்டருகே வேப்பிலைப் புகை போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். அடைபட்ட குழலுக்குப் புகை பெருங்கேடு. கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டினால் போதும்.

கேள்வி கேட்டவர் (மூன்று நாட்களுக்குப் பின்)

மருத்துவரும் தொண்டை அம்மை என்றே சொன்னார். படலத்தை நனைத்து இளக்கி, தளர்ந்த பகுதியை மட்டும் இடுக்கியால் எடுத்தார், மீதியைத் தொடவில்லை. விசில் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது, கஞ்சியைத் தானே தின்கிறது, கூவவில்லை. இன்று ஒரு பெட்டையின் கண்ணிமையில் சிறு கொப்புளம் தெரிகிறது. மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடலாமா?

மறுமொழி (வில்லியனூர்)

கொப்புளம் வந்த பெட்டையைப் பிரித்துவிடுங்கள். அதற்குத் தடுப்பூசியால் பயனில்லை. கண் மூடிக்கொண்டால் தீவனம் தெரியாமல் பட்டினி கிடக்கும், ஆகையால் தண்ணீரையும் தீவனத்தையும் அதன் அலகருகே வையுங்கள். இமையில் மட்டும் நின்றால் பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் பொருக்கு உதிர்ந்து ஆறிவிடும். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால் கூண்டைக் கூட்டிக் குப்பையை எரித்துவிடுங்கள். அறிகுறி இல்லாத ஐந்து பெட்டைகளுக்கும் தாமதமின்றி இறக்கைச் சவ்வில் அம்மைத் தடுப்பூசி போடச் சொல்லுங்கள். போட்ட 7 முதல் 10 நாட்களுக்குள் குத்திய இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ தெரிய வேண்டும்; எந்தப் பெட்டைக்குத் தெரியவில்லையோ அதற்கு மறுபடியும் போட வேண்டியிருக்கும்.